எல்லா அட்ரீனல் கட்டியும் பரம்பரையாக வருவதில்லை

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வரும் கட்டி பற்றி ஒரு கட்டுரை படித்தேன், அது மரபணுவால் வருகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. படிக்கிறவர் "அப்போ என் பிள்ளைக்கும் வருமா?" என்றுதான் பயப்படுவார். ஆல்டோஸ்டிரோனை (உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும் ஹார்மோன்) சுரக்கும் சாதாரணக் கட்டிகளில், அதாவது அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-ல் விவரித்த நோயில், பெரும்பாலும் மரபணு மாற்றம் அந்தக் கட்டியின் செல்லில் மட்டும்தான் இருக்கும், பிறவியிலேயே வந்தது அல்ல, பிள்ளைகளுக்கும் போகாது. 2011-ல் மரபணு ஆய்வாளர் ரிச்சர்ட் லிஃப்டன் குழு கண்டுபிடித்த, கேசிஎன்ஜே5 (KCNJ5) என்ற மரபணுவில் வரும் மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: செல்லின் சுவரில் பொட்டாசியத்தை மட்டும் விட வேண்டிய வாசல் சோடியத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது, அதனால் செல்லுக்குள் கால்சியம் ஏறி ஆல்டோஸ்டிரோன் நிற்காமல் சுரக்கிறது, பிரஷர் எகிறுகிறது. இதே மாற்றம் பிறவியிலேயே உள்ள குடும்பங்களும் உண்டு, ஆனால் ரொம்ப அபூர்வம்.

எங்கள் சித்திக்கு மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, ராத்திரியானால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். பொட்டாசியம் 2.8 என்று ரொம்பக் குறைவாக வந்தபோதும் சிரப் கொடுத்து அனுப்பினார்களே தவிர, இந்த நோயைச் சந்தேகித்து ஆல்டோஸ்டிரோனையும் அதைத் தூண்டும் ரெனினையும் அளக்கும் ரத்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தரவில்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தாலே அதுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது, எதுவும் சுரக்காமல் சும்மா கிடக்கும் கட்டிகளே அதிகம்.

சரி, பரம்பரை பற்றி உண்மையிலேயே எச்சரிக்க வேண்டிய இடம் ஃபியோகுரோமோசைட்டோமா, அதாவது அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் இன்னொரு வகை அட்ரீனல் கட்டி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறவி மரபணு மாற்றம் இருக்கிறது, அவர்கள் குடும்பத்தாரையும் பரிசோதிக்கத்தான் வேண்டும். கட்டுரையில் அதன் பெயரே இல்லை.