தவணையும் மெயின்டனன்ஸும் மட்டும் போதாது

சென்னையில் சொந்த பிளாட் வைத்திருப்பவரின் மாதச் செலவு பற்றிய உங்கள் கட்டுரையில், வீட்டுக் கடன் தவணையையும் குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டும் மெயின்டனன்ஸையும் மட்டும் கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள். புதிதாக வாங்குபவர்கள் இதை நம்பித் திட்டம் போட்டால் சிரமப்படுவார்கள். சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, குடிநீர் வரியும் அப்படித்தான். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எல்லாவற்றையும் மாதக் கணக்காக வகுத்துத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால்தான் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கை கடிக்காது. அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டினால் மாநகராட்சி 5 சதவீதம் தள்ளுபடி தருகிறது, அதை விடாதீர்கள்.

மெயின்டனன்ஸும் நிலையான தொகை இல்லை. எங்கள் குடியிருப்பில் கோடையில் போர்வெல் வற்றினால் லாரித் தண்ணீர்தான், அந்த மாதங்களில் தொகை எகிறிவிடும். ஒரு வீட்டின் மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்றவற்றுக்கான பொது மின்மீட்டருக்குத் தனிக் கட்டண விகிதம். லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்கு 2023இல் அதைக் குறைத்தார்கள், மற்றவர்களுக்கு இல்லை.

அப்புறம் பெயின்ட், லிஃப்ட் மாற்றுவது, மொட்டைமாடி ஒழுகல். இவை வரும்போது வீட்டுக்கு இவ்வளவு என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். பத்திரப் பதிவுக்கு முன்பே சங்கத்தின் கடைசி மூன்று வருட வரவு செலவையும், இப்படிப்பட்ட பெரிய செலவுகளுக்காகச் சேர்த்துவைக்கும் கார்பஸ் நிதியில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தரத் தயங்கினால் யோசியுங்கள்.