27 புள்ளிக்காரர்கள்

2025 ஜூலையில் இதை எழுதினேன். ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து, அந்த வருடம் நடக்குமா என்பதே அப்போது கேள்விக்குறி. லீக்கை நடத்தும் ஒப்பந்தத்தில் உள்ள சிக்கல் தீரும்வரை சீசனை நிறுத்தி வைக்கிறோம் என்று கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சீசன் அதற்கு முந்தைய வாரமே தொடங்கிவிட்டது. "இந்தத் தடவையாவது ஒரு நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் எடுங்கடா" என்று ராத்திரி ஒருவர் போட்டார். அவ்வளவுதான். காலையில் எழுந்து பார்த்தால் 240 மெசேஜ். அதில் பாதி, யாரும் பார்த்திராத பிரேசில்காரர்களின் யூடியூப் வீடியோக்கள்.

எல்லாவற்றையும் அங்கே தட்டச்சு செய்து கை வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். எங்கள் அணியான சென்னையின் எஃப்சியின் ஓட்டை முன்னால், கோல் போடுகிற இடத்தில் இல்லை. பின்னால், கோலைத் தடுக்கிற இடத்தில் இருக்கிறது. அதுவும் எந்த வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரும் வந்து அடைக்கக்கூடிய ஓட்டை இல்லை.

முதலில் ஒரு கணக்கு. 2022-23 சீசனில் நாம் எடுத்த புள்ளிகள் 27. 2023-24ல் 27. 2024-25லும் 27. எழுத்துப்பிழை இல்லை, மூன்று வருடமும் அதே 27தான். ஆனால் முதல் வருடம் 20 ஆட்டம், அடுத்தது 22, போன தடவை 24. லீக்கில் ஒவ்வொரு அணியாகக் கூடிக்கொண்டே போனது, ஆட்டங்களும் கூடின, நாம் மட்டும் 27லேயே உட்கார்ந்திருந்தோம். எட்டாவது இடம், ஆறாவது இடம், பதினொன்றாவது இடம். போன சீசனில் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான அடுத்த சுற்றுக்கு, கடைசி ஆளாகப் போன மும்பைக்கு 36 புள்ளி. சம்பள உயர்வு கேட்டுப் போய் வருடா வருடம் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு திரும்பி வருகிறவன் நிலைமை நமக்கு.

இந்த மூன்று வருடத்தோடு அதற்கு முந்தைய ஒன்றையும் சேர்த்து, நாம் வாங்கிய கோல்களைப் பாருங்கள்: 35, 37, 36, 39. இதற்கிடையில் பயிற்சியாளர்கள் மாறினார்கள். பாண்டோவிச் வந்தார், பிரடாரிச் வந்தார், கோய்ல் திரும்பி வந்தார். ஸ்ட்ரைக்கர்களோ, கேட்கவே வேண்டாம். முர்சாயெவ், ஸ்லிஸ்கோவிச், ஜோர்டான் முர்ரே, ஜோர்டான் கில். நடுவில் எல் கயாத்தி என்று ஒரு மாயக்காரர் வந்து ஒரே சீசனில் ஒன்பது கோல் போட்டுவிட்டுப் போனார். முன்வரிசை மாறிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை. கூரை ஒழுகுகிற வீட்டில் வருடா வருடம் வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றித்தான் ஜூலை மாதம் முழுக்கச் சண்டை போடுகிறோம்.

இது புதிதாக வந்த வியாதியும் இல்லை. 2017-18ல் கோப்பை வென்றோம். ஃபைனலில் பெங்களூரு எஃப்சியை அவர்கள் ஊரிலேயே, கண்டீரவா ஸ்டேடியத்தில், 3-2. அவர்களுடைய சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டபோது டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் தம்பி எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அப்புறம் இரண்டு கார்னர், இரண்டு தடவையும் மைல்சன் ஆல்வஸின் தலை. அவர் ஒரு டிஃபெண்டர் என்பதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறோமா? அந்த சீசன் லீக் ஆட்டங்கள் 18ல் நாம் போட்டது 24 கோல், வாங்கியது 19. அடுத்த சீசனில் கடைசி இடம். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி. அந்த வருடம் எல்லோரும் யாரைத் திட்டினோம்? நம் ஸ்ட்ரைக்கர் ஜெஜெயை. ஒரே ஒரு கோல்தான் போட்டார் என்று. உண்மைதான். ஆனால் நாம் போட்ட கோல் 24லிருந்து 16 ஆகக் குறைந்தது, எட்டு கோல் வித்தியாசம். வாங்கிய கோல் 19லிருந்து 32 ஆனது, பதின்மூன்று கோல் வித்தியாசம். எது பெரிய ஓட்டை?

அந்த வருடம் உண்மையில் நடந்தது என்ன? டிஃபெண்டர் ஹென்ரிக் செரேனோ போய்விட்டார். அதைவிட முக்கியம், தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தார். வியாசர்பாடிப் பையன். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று, எதிராளி பந்தை வாங்கித் திரும்புவதற்குள் காலை நீட்டிவிடுகிற ஆள். கோல் பட்டியலில் அவர் பெயர் அநேகமாக வராது. ஹைலைட்ஸிலும் வராது. ஒரு தடவை ஸ்டேடியத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், பந்தைப் பார்க்காமல் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். "பந்து எங்க வரும்னு அவனுக்கு முன்னாடியே தெரியுது பாரு தம்பி" என்றார். அன்றிலிருந்து நானும் அப்படிப் பார்க்கப் பழகினேன். நேரு ஸ்டேடியத்தில் சுற்றிலும் ஓட்டப்பாதை இருப்பதால் ஆட்டக்காரர்கள் தூரத்தில் தெரிவார்கள், முகம் சரியாகத் தெரியாது. ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். அந்தத் தூரத்தில் ஒரு லாபம் இருக்கிறது.

சரி, இந்த இடத்தில் என் மச்சான் ஒரு பெயரைக் கொண்டுவந்து வைப்பான். வால்ஸ்கிஸ்.

நியாயம்தான். 2019ல் லித்துவேனியாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றபோது குழுவில் முதலில் சிரித்தது நான். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடி ஸ்கிரீன்ஷாட் போட்டேன். இன்றைக்கும் அதை எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள். சீசன் தொடங்கி முதல் நான்கு ஆட்டத்தில் நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை, என் கை ஓங்கியிருந்தது. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, நம் ஊரில். 90 நிமிடம் முடிந்தும் 0-0. என் வரிசையில் பாதிப்பேர் எழுந்து பெரியமேடு பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள், ரயிலைப் பிடிக்க வேண்டுமே. கூடுதல் நேரத்தில் நம் ஷெம்ப்ரி போட்டார். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். வந்து நிற்பதற்குள் ஹைதராபாத் சமன் செய்துவிட்டது. திட்டிக்கொண்டே மறுபடி இறங்கினார்கள். அப்போது வால்ஸ்கிஸ் போட்டார். 2-1. அந்தப் படிக்கட்டில் செருப்பைத் தொலைத்த ஒருவர் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் வால்ஸ்கிஸ் போட்டது 15 கோல், அதிக கோலுக்கான தங்கக் காலணி அவருக்கு. கடைசி இடத்தில் இருந்த அணி அடுத்த வருடமே ஃபைனல் ஆடியது.

ஆக, ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் அணியையே தூக்கி நிறுத்துவான் என்பதற்கு நம் வீட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அதே சீசனில் கோவாவோடு செமிஃபைனல் இரண்டாம் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கி, மொத்தக் கணக்கில் 6-5 என்று மூச்சு முட்டித்தான் தப்பினோம். ஃபைனலில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் மூன்று வாங்கினோம். வால்ஸ்கிஸ் அந்த ஃபைனலிலும் கோல் போட்டார். போட்டும் தோற்றோம்.

மச்சான் அதோடு விடமாட்டான். 2020-21ல் 23 கோல்தான் வாங்கினோம், 17 போட்டோம், 20 புள்ளி, எட்டாவது இடம். அடுத்த வருடம் 35 வாங்கினோம், அதே 17 போட்டோம், அதே 20 புள்ளி, அதே எட்டாவது இடம். "பன்னெண்டு கோல் கூட வாங்கியும் ஒண்ணும் மாறலையே, அப்ப உன் டிஃபென்ஸ் தியரி எங்கடா போச்சு?" என்று கேட்கிறான். இதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை. முதல் வருடம் 11 டிரா. அதில் நான்கைந்து ஆட்டத்தில் யாராவது ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருந்தால் கதை வேறு. அந்த வருடம் மட்டும் ஓட்டை முன்னால்தான். ஒப்புக்கொள்கிறேன். கிரிவெல்லாரோ நடுவில் காயம்பட்டுப் போனதும் பந்து கொடுக்கவே ஆளில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை அவனும் ஒப்புக்கொண்டாக வேண்டும். 2021-22லிருந்து களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டுக்காரர்கள்தான் இருக்க முடியும். முன்பு ஐந்து, லீக் தொடங்கியபோது ஆறு. இப்போது பதினொன்றில் ஏழு பேர் இந்தியர்கள். நாம் ஜூலையில் சண்டை போடுவது அந்த நான்கு பேரைப் பற்றி. சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலில் எங்கே இருக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது இந்த ஏழு பேர். 2017-18 அணியில் இந்தியர்கள் பக்கம் யார் யார் இருந்தார்கள்? கோலில் கரன்ஜித், இடது பக்கம் ஜெர்ரி, நடுவில் கணேஷும் பிக்ரம்ஜித்தும், பெஞ்சிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்த தாப்பா, முன்னால் ஜெஜெ. இப்போது அதே மாதிரி ஏழு பெயரை மூச்சு விடாமல் சொல்லுங்கள் பார்ப்போம். ஜெர்ரி போனார். தாப்பாவைக் கண்ணெதிரே பையனிலிருந்து ஆளாக்கினோம், 2023ல் மோகன் பகானுக்குப் போனார். போகாமல் என்ன செய்வார், அங்கே கோப்பை இருக்கிறது. போன சீசனில் மந்தார் ராவ் தேசாயும் பிரீதம் கோட்டாலும் வந்தார்கள். இருவரும் பெரிய ஆட்டக்காரர்கள், மறுப்பில்லை. வரும்போதே முப்பதைத் தாண்டியவர்கள். இது இன்றைய சாப்பாட்டுக்கு ஹோட்டலில் பார்சல் வாங்குகிற வேலை, வீட்டில் அடுப்பு மூட்டுகிற வேலை இல்லை.

அடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் லீக்கில் கடைசி இடத்தில் வந்த அதே 2018-19ல், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பையை வென்றது. அந்த அணியின் எட்வின் வான்ஸ்பாலை அடுத்த வருடம் நாம் எடுத்தோம், நல்ல வேலை. அதற்கு முன்பே அங்கே ஆடிய குமரிக் கடற்கரைப் பையன் சூசைராஜை எடுக்கவில்லை. 2019-20ல் நாம் ஃபைனலில் தோற்ற ஏடிகே அணியில் அவர் இருந்தார். நந்தகுமார் சேகர் சென்னைப் பையன், சென்னை லீக்கில் ஆடி வளர்ந்தவர். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அவர் போட்ட ஒரே கோலில் கொல்கத்தாவில் பாதி ஊர் தூங்கவில்லை. காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி 2022-23ல் லீக்கின் சிறந்த இளம் வீரர். சட்டை பெங்களூருவுடையது. மண்ணின் மைந்தன் வசனமெல்லாம் நான் பேசவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தாலே தெரிகிறது, பக்கத்துத் தெருவில் கிடைப்பதைத் தூரத்தில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

எங்கள் குழுவில் வியாசர்பாடி அண்ணன் ஒருவர் இருக்கிறார். சின்னப் பசங்களுக்குக் காலையில் பயிற்சி கொடுக்கிறார். இந்தச் சண்டையிலெல்லாம் வாயே திறக்கமாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு மைதானத்துக்குப் போனேன். புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மண்தான். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பசங்களை வரிசையாக நிறுத்தி, "யாரு ஃபார்வர்டு ஆடுறீங்க?" என்று கேட்டார். எல்லாக் கையும் மேலே போனது. "யாரு பேக் ஆடுறீங்க?" ஒரு கையும் இல்லை. கடைசியில் கொஞ்சம் குண்டான ஒரு பையனைப் பக்கத்தில் இருந்தவன் தள்ளிவிட்டான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போன சீசனைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒடிசாவில் போய் 3-2 வென்று தொடங்கினோம், ஃபாரூக் சவுத்ரி இரண்டு கோல். குழுவில் 'கோப்பை நமதே' ஸ்டிக்கர் பறந்தது. அடுத்து நம் ஊரில், லீக்குக்குப் புதிதாக வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் 0-1. ஐஎஸ்எல்லில் அவர்களுடைய முதல் வெற்றியே அதுதான். ஜனவரியில் கொல்கத்தாவில் அவர்களோடு 2-0 முன்னிலை. கடைசி நிமிடங்களில் இரண்டையும் திருப்பிக் கொடுத்து 2-2. சீசன் முழுக்க இரண்டே ஆட்டம் வென்று கடைசியில் முடித்த அணியிடம் ஆறு புள்ளியில் ஒன்றுதான் எடுத்தோம். அந்த 2-2ல் எந்த ஸ்ட்ரைக்கரைக் குறை சொல்வது? முன்னிலையில் இருக்கும்போது பந்தைப் பிடித்து வைத்து, நேரத்தைத் தின்று, ஆட்டத்தைத் தூங்கவைக்கத் தெரிந்த ஒரு ஆள் நடுவில் இல்லை. கணேஷுக்கு அது தெரியும்.

என்னைக் கேட்டால், வெளிநாட்டுக்காரர்களுக்கான நான்கு இடங்களில் இரண்டை நடுவில் தடுக்கிற சென்டர் பேக்குகளுக்குக் கொடுங்கள். 25 வயதுக்குள், கணேஷ் மாதிரி டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கிற ஒரு இந்திய டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், ஒரு லெஃப்ட் பேக், இருவரையும் மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுங்கள். மீதிக் காசுக்கு எந்த ஸ்ட்ரைக்கர் கிடைக்கிறாரோ அவர் போதும். 1-0 என்றாலும் மூன்று புள்ளிதான். லீக் நடந்தால் என்ற ஒரு 'ஆல்' அப்போது இதில் தொங்கிக்கொண்டிருந்தது, அது தனிப் பதிவு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மச்சான் ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறான். கொலம்பியாவாம், ஆறடி இரண்டு அங்குலமாம், ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கிறாராம். நான்கு நிமிட வீடியோ. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். இடது காலும் நன்றாகத்தான் இருக்கிறது.