பச்சைன்னா பச்சைதானே

வந்தவர்: அக்கா, இதே பச்சையில ஒரே ஒரு உருண்டை உல்லன் நூல். கிறிஸ்துமஸுக்கு ஆறே நாள்தான் இருக்கு. வண்டியை ஆஃப் பண்ணாம நிறுத்திட்டு வந்திருக்கேன்.

கடைக்கார அக்கா: லாட் நம்பர் சொல்லுங்க தம்பி.

வந்தவர்: என் போன் நம்பரா?

அக்கா: லாட் நம்பர். உருண்டையைச் சுத்தி ஒரு காகிதப் பட்டை இருந்திருக்குமே, அதுல போட்டிருக்கும்.

வந்தவர்: அதையெல்லாம் யாருக்கா வெச்சிருப்பா? வாங்கின அன்னிக்கே குப்பையில போட்டாச்சு. இதோ, போன்ல போட்டோ இருக்கு பாருங்க. பச்சை.

அக்கா: உங்க போன்ல நான்கூடத்தான் பச்சையா விழுவேன்.

வந்தவர்: பச்சைன்னா பச்சைதானேக்கா!

அக்கா: இந்தத் தட்டுல மட்டும் பதினோரு பச்சை இருக்கு. ஒரே பச்சையா இருந்தாலும், ஒவ்வொரு தடவை சாயத்தொட்டியில முக்கி எடுக்கும்போதும் ஒரு பொட்டு ஏறும், இல்ல இறங்கும். ஒரே தடவையில முக்கினதுக்குத்தான் ஒரே லாட் நம்பர். கையில வெச்சுப் பார்த்தா தெரியாது. பின்னி மாட்டிக்கிட்டு வெயில்ல நின்னா வலது கை ஒரு நிறம், இடது கை ஒரு நிறம். ஆமா, வீட்ல என்ன பின்றாங்க?

வந்தவர்: அவளுக்கு ஒரு ஸ்வெட்டர். அக்டோபர்ல ஆரம்பிச்சா. இடது கை பாதியில நிக்குது.

அக்கா: பார்த்தீங்களா, நான் சொன்ன கைதான். சரி, முதல்ல சாம்பிள் துண்டு ஒன்னு பின்னியிருப்பாங்களே, அது இருக்கா?

வந்தவர்: இதுவா பாருங்க. (பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.)

(‘டொக்’ என்றது. வரிசையில் நாலாவதாக நின்ற எனக்கே கேட்டது. கம்பளி அப்படிச் சத்தம் போடக் கூடாது.)

அக்கா: என்ன தம்பி இது, ஷூவுக்குள்ள போடற அட்டையா?

வந்தவர்: அந்தத் துண்டுதான்கா. பைக் துடைச்சேன், கிரீஸ் ஆயிடுச்சு. அவ பார்க்கறதுக்குள்ள வெளுத்துடலாம்னு மெஷின்ல வெந்நீர் வெச்சுப் போட்டேன்.

அக்கா: ஆட்டு ரோமத்துல கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கும், மீனுக்கு இருக்கற மாதிரி. வெந்நீர்ல போட்டு உலுக்கினா ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு இறுகிடும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. இது மாதிரி எத்தனை துண்டு இருந்துச்சு?

வந்தவர்: மூணு. ஒன்னு பைக்குக்கு. ஒன்னு அடுப்புலேர்ந்து பாத்திரம் இறக்க. ஒன்னு டிவி தொடைக்க. நானும் யோசிச்சேன், என்னடா இவ ராத்திரியெல்லாம் உக்காந்து பிடிதுணியா பின்றாளேன்னு.

அக்கா: ஊசி அளவை மாத்தி மாத்திப் பின்னி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, அதான் நூல் வளையம், வருதுன்னு எண்ணிப் பார்க்கறதுக்கு அது. கடைசியில நூல் குறைஞ்சா அதையே பிரிச்சு மணிக்கட்டுப் பட்டியையாவது முடிச்சிருப்பாங்க.

வந்தவர்: பைக் நல்லா பளபளன்னு இருக்குக்கா. சரி, இன்னொரு விஷயம். எங்க மேனேஜருக்கு ஒரு ஸ்வெட்டர், கிறிஸ்துமஸ் கிஃப்ட். இவ பின்னித் தருவான்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். அதுக்கு எத்தனை உருண்டை ஆகும்?

அக்கா: அவங்ககிட்ட சொன்னீங்களா?

வந்தவர்: சொல்லிக்கலாம். எப்படியும் டிவி முன்னாடி சும்மாதானே உக்காந்திருக்கா.

அக்கா: (கால்குலேட்டரை எடுத்து) மார்பு 100 சென்டிமீட்டர்னு வைங்க. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 28 வரிசை. உடம்புக்கு 220 கண்ணி, 168 வரிசை. ரெண்டு கையும் சேர்த்தா மொத்தம் 57,000 சொச்சம் கண்ணி. நிமிஷத்துக்கு 30 கண்ணி போட்டாலும், தண்ணி குடிக்காம எந்திரிக்காம 32 மணி நேரம்.

வந்தவர்: ஆறு நாளைக்கு 144 மணி நேரம் இருக்கேக்கா! சும்மாதானே…

அக்கா: இங்கிலாந்துல வில்லியம் லீன்னு ஒருத்தர் 1589லேயே காலுறை பின்ன மெஷின் செஞ்சுட்டார். உங்களுக்கு இன்னும் சேதி வரலையா? கடையில மெஷின் ஸ்வெட்டர் அடுக்கி வெச்சிருக்காங்க, வாங்கிக் குடுங்க.

வந்தவர்: கையால பின்னினதுன்னா மதிப்பே வேறக்கா.

அக்கா: யார் கை?

வந்தவர்: … டிசைன் வேற சொல்லிட்டேன். கயிறு முறுக்கின மாதிரி வருமே, அயர்லாந்து பக்கம் ஆரன் தீவு மீனவங்க போடறது. குடும்பத்துக்கு ஒரு டிசைனாம். கடல்ல மூழ்கிட்டா அதை வெச்சுத்தான் உடம்பை அடையாளம் கண்டுபிடிப்பாங்களாம்.

அக்கா: உங்க மேனேஜர் கடலுக்குப் போறாரா?

வந்தவர்: ஏசி ரூமை விட்டு வெளியவே வரமாட்டார்.

அக்கா: குடும்ப டிசைனெல்லாம் கட்டிவிட்ட கதை தம்பி. 1904ல அயர்லாந்துல ஒரு நாடகம் போட்டாங்க. அதுல செத்தவனோட காலுறையைப் பார்த்து அவன் தங்கச்சி கண்டுபிடிக்கிறா. டிசைனைப் பார்த்து இல்ல. அறுபது கண்ணி போட்டு ஆரம்பிச்சேன், அதுல நாலு விட்டுட்டேன்னு அவளுக்கு ஞாபகம் இருக்கு. பின்றவங்களுக்கு ஒவ்வொரு கண்ணியும் ஞாபகம் இருக்கும். டிவியில என்ன ஓடுச்சுன்னு கேளுங்க, தெரியாது.

வந்தவர்: (கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.) அப்ப மேனேஜருக்கு ஒரு மஃப்ளர்?

அக்கா: லாட் நம்பர் இருக்கா?

வந்தவர்: மறுபடியும் முதல்லேர்ந்தா! இந்த உருண்டைக்காவது காசு எடுத்துக்குங்க. (பர்ஸைத் திறந்தார். மடித்து வைத்த ஒரு காகிதப் பட்டை கீழே விழுந்தது.) அட, இது எப்படி இங்க வந்துச்சு?

அக்கா: குப்பையிலேர்ந்து எடுத்து பர்ஸுக்குள்ள வெச்சு அனுப்பியிருக்காங்க. இதோ லாட் நம்பர். இந்த லாட்ல ரெண்டு உருண்டை இருக்கு, நல்ல நேரம் உங்களுக்கு. பின்னால ஏதோ எழுதியிருக்கே.

வந்தவர்: கண்ணாடி எடுத்துட்டு வரலை, நீங்களே படிங்கக்கா.

அக்கா: “ஒரு உருண்டை போதும். உங்க மேனேஜர் வீட்டம்மா போன் பண்ணினாங்க. அளவு சொன்னாங்க.”

வந்தவர்: அய்யய்யோ. என்ன அளவாம்?

அக்கா: 118 சென்டிமீட்டர். 57,000 பத்தாது தம்பி.