ரெண்டு மைனஸ் 'சேர்ந்தா' பிளஸாமே!

மறுபடியும் அதே கூத்து. ஏழாங்கிளாஸ் முழுக்கள் பாடத்துக்கு ஏதோ ஒரு டியூஷன் சென்டர் அடிச்சுவிட்ட ஒர்க்‌ஷீட்டோட ஆன்சர் கீ வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டிருக்கு. ஏழாவது கணக்கு: −6 − 4 = ? விடை: +10. சரி, அச்சுப்பிழைன்னு பெருந்தன்மையா விட்டுடலாம்னு பார்த்தா, பக்கத்துலயே காரணம் வேற எழுதியிருக்கு: 'மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்.'

நிதானமா இன்னொரு தரம் பார்ப்போம். எண்கோட்டுல பூஜ்ஜியத்துக்கு இடது பக்கம் ஆறு கட்டம் தள்ளி ஒருத்தன் நிக்கிறான். நாலைக் கழிக்கணும்னா இன்னும் நாலு கட்டம் இடது பக்கமே நடக்கணும். −10ல போய் நிப்பான். ஆன்சர் கீ படி? இடது பக்கம் நாலு எட்டு வெச்சவன் பூஜ்ஜியத்தையும் தாண்டி, வலது பக்கம் பத்தாம் கட்டத்துல ஜம்முனு நிக்கிறான். மொத்தம் 16 கட்டம், அதுவும் எதிர்த்திசையில. எந்த பஸ் பிடிச்சான்னு தெரியல.

காசா மாத்திப் பாருங்க. மளிகைக்கடையில ஆறு ரூபாய் பாக்கி, டீக்கடையில நாலு ரூபாய் பாக்கி. இந்த ஆன்சர் கீயை எடுத்துட்டுப் போய்க் காட்டினா ரெண்டு கடைக்காரரும் சேர்ந்து நமக்குப் பத்து ரூபாய் எடுத்து வைக்கணும். வெச்சா நல்லாத்தான் இருக்கும்.

இதைவிடக் கொடுமை, அதே தாள்ல அஞ்சாவது கணக்கு (−6) + (−4). அதுக்கு விடை −10னு சரியாவே போட்டிருக்காங்க! ரெண்டும் ஒரே கணக்குய்யா! பிராக்கெட் போட்டுக்கிட்டு வந்தா −10, பிராக்கெட்டைக் கழட்டிட்டு வந்தா +10. பிராக்கெட் என்ன ஹெல்மெட்டா?

எல்லாத்துக்கும் காரணம் அந்த 'சேர்ந்தா'ங்கற ஒரு சொல்லு. தமிழ்ல சேர்க்கறதுன்னா கூட்டறது. பெருக்கலுக்கு உள்ள விதியைக் கூட்டலோட வார்த்தையில சொல்லிக் கொடுத்துட்டு, புள்ள கூட்டல்ல அதைப் போட்டா 'கவனமே இல்ல'ன்னு அதும் தலையிலயே குட்டறது. 'பெருக்கினா'ன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா? வகுத்தாலும் அதே விதிதான், அதையும் சொல்லுங்க. கூட்டலுக்கு மட்டும் அதைத் தூக்கிட்டு வராதீங்க. அந்தக் காலத்துக் கணித மேதை பிரம்மகுப்தர் 628லயே தனத்துக்கும் (பிளஸ்) கடனுக்கும் (மைனஸ்) கூட்டல் விதி தனி, பெருக்கல் விதி தனின்னு பிரிச்சு வெச்சிட்டார்: கடனும் கடனும் கூட்டினா கடன், கடனைக் கடனால பெருக்கினா தனம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம ரெண்டையும் பிசைஞ்சு ஒரே உருண்டையா ஊட்டிக்கிட்டிருக்கோம்.

அடுத்து, மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ்னு கேட்டா 'எதிரிக்கு எதிரி நண்பன்'னு சொல்ற கோஷ்டி. அழகாத்தான் இருக்கு. ஏன் நண்பன்னு புள்ள கேட்டா? அதுக்கு மேல பேச்சே வராது. 'ரூல் அதான், மனப்பாடம் பண்ணு.' காரணம் காட்ட அஞ்சு வரி போதும்:

3 × (−4) = −12
2 × (−4) = −8
1 × (−4) = −4
0 × (−4) = 0
(−1) × (−4) = ?

முதல் வரியை மட்டும் நாம சொல்லணும், (−4)ஐ மூணு தரம் கூட்டினா −12ன்னு. அப்புறம் வரிக்கு வரி நாலு நாலா ஏறுதா? பூஜ்ஜியத்துக்கு அடுத்து +4னு புள்ளையே சொல்லிடும். நம்பாத புள்ளைக்குத் தண்ணித் தொட்டி. நிமிஷத்துக்கு 4 லிட்டர் வெளியே ஓடுது, அது −4. மூணு நிமிஷத்துக்கு முன்னாடி, அது −3. அப்போ தொட்டியில இப்ப இருக்கறதைவிட 12 லிட்டர் கூடுதலா இருந்திருக்கும். (−3) × (−4) = +12. முடிஞ்சுது. இதுல எந்த எதிரியும் வரல, நண்பனும் வரல.

அந்த எதிரிக் கதையை வெச்சுக்கிட்டு (−2) × (−3) × (−1) போடச் சொல்லுங்க பார்ப்போம். எதிரிக்கு எதிரிக்கு எதிரி யாரு, சம்பந்தியா? மைனஸை எண்ணுங்கப்பா. ஒற்றைப்படையா இருந்தா விடை மைனஸ், இரட்டைப்படையா இருந்தா பிளஸ். இங்கே மூணு, அதனால −6. நடுவுல ஒரு பூஜ்ஜியம் இருந்தா எண்ணவே வேண்டாம், விடை 0.

இதெல்லாம் ஏழாங்கிளாஸோட போய்த் தொலைஞ்சா பரவாயில்ல. அடுத்த வருஷம் 7 − 2(3 − 5) வரும். ஒருத்தன் முதல் வேலையா 7ல 2 போக 5னு கழிச்சுட்டு, அதை −2ஆல பெருக்கி −10ங்கறான். இன்னொருத்தன் பிராக்கெட்டைப் பிரிச்சு 7 − 6 − 10 = −9ங்கறான். வெளியே நிக்கிற −2 உள்ளே இருக்கற −5ஐயும் பெருக்கணும்ல? அது +10. 7 − 6 + 10 = 11. 5 × −3னு பிராக்கெட் இல்லாம கிறுக்கி, அடுத்த வரிக்கு வர்றதுக்குள்ள பெருக்கல் குறியைத் தொலைச்சுட்டு 2னு விடை எழுதற மகராசன்களைப் பத்தித் தனியாத்தான் புலம்பணும்.

சரி, கம்ப்யூட்டரைக் கேட்போம்னா அது அதுக்கு மேல. −3²ன்னா நம்ம பாடப்படி −9, ஏன்னா வர்க்கம் 3க்கு மட்டும்தான், மைனஸ் வெளியே நிக்குது. எக்செல்ல அதையே அடிச்சா 9ங்குது, அதுக்கு மைனஸை முதல்ல ஒட்டிக்கிட்டுத்தான் பழக்கம். ஆக, டியூஷன்ல +10, எக்செல்ல 9, புள்ள யாரை நம்பும்?

அந்த ஆன்சர் கீயை இன்னொரு தரம் திறந்து பார்த்தா, பத்தாவது கணக்கு (−6) × (−4) = −24. காரணம்? 'ரெண்டும் மைனஸ், அதனால மைனஸ்.' அடேய்! சேர வேண்டிய இடத்துல சேரல! சிரிப்புதான் வருது, வேற என்ன பண்ண.

போகட்டும் விடுங்க. இந்த ஜாமெட்ரி பாக்ஸ்ல வர்ற கோணமானியில எண்ணெல்லாம் ஒரே மாசத்துல அழிஞ்சுபோகுதே, அதை யாருமே கேக்க மாட்டீங்களா?