கல்லூரி அழித்த கிரேடு

அக்கா மகள் அமெரிக்காவில் பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். போன வாரம் போனில், "மாமா, என் ஜிபிஏ குறைஞ்சிடுச்சு" என்றாள். பட்டம் வாங்கி முடித்தவளுக்கு எப்படிக் குறையும்?

ஜிபிஏ என்பது கிரேடுகளின் சராசரி: ஏ-க்கு 4 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 2; அதைப் பாடத்தின் எடையான கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பார்கள். கல்லூரி கொடுத்த டிரான்ஸ்கிரிப்டில் 120 கிரெடிட்டுக்கு 3.6. விண்ணப்பத்தில் 3.5. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு பருவத்திலும் முதலில் சி வாங்கி, திரும்பப் படித்து ஏ வாங்கியிருந்தாள். கல்லூரி பழைய சி இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அங்கே பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும் பொது விண்ணப்ப முறையான ஏஏடிஎஸ்ஏஎஸ் எதையும் மறப்பதில்லை. விட்டுப்போன 8 கிரெடிட்டும் அதன் 16 புள்ளியும் உள்ளே வந்தன. 432 புள்ளி 448 ஆனது, வகுப்பது 128-ஆல். அறிவியல் பாடங்களுக்கென்று தனி ஜிபிஏ உண்டு. அடி அங்கேதான் பலம்: 48 கிரெடிட்டுக்கு 3.5 இருந்தது 3.29-க்கு இறங்கிவிட்டது.

இரண்டு முறை படித்ததை எண்ணட்டும், எனக்கு வருத்தமில்லை. நடந்தது நடந்ததுதானே. என் கோபம் அந்தக் கல்லூரி மேல். 'பழைய கிரேடு போயிடும்' என்றவர்கள், அது எங்கள் வாசல் வரைக்கும்தான் என்றும் சொல்லியிருக்கலாம்.

ஏஏடிஎஸ்ஏஎஸ் கணக்கில் இன்னொரு கூத்து. ஏ மைனஸ் வாங்கினால் 3.7. ஏ பிளஸ் வாங்கினால் வெறும் 4.0. குறைக்க மட்டும் தெரிகிறது! டெக்சாஸுக்குத் தனி விண்ணப்ப முறை உண்டு. அங்கே பிளஸ், மைனஸ் கணக்கே கிடையாது, ஏ மைனஸும் 4.0-தான். ஒரே பெண், ஒரே பரீட்சை, இரண்டு ஜிபிஏ.

சராசரிக்கு முன்னே பின்னே தெரியாது. 3.2-ல் தொடங்கி 3.8-க்கு ஏறியவளும், 3.8-லிருந்து 3.2-க்குச் சரிந்தவளும் அதற்கு ஒன்றுதான். வருட வாரியான ஜிபிஏவும் விண்ணப்பத்தில் போகிறது என்பது ஆறுதல். ஆனால் 3.5-க்குக் கீழே வேண்டாம் என்று கல்லூரிகள் முதலிலேயே ஒதுக்கிவிட்டால், அந்த வரிகளை யார் படிக்கப் போகிறார்கள்?

இப்போது பி வாங்கிய பிசிக்ஸையும் திரும்பப் படிக்கட்டுமா என்கிறாள். வேண்டாம் என்றேன். பழைய பி எப்படியும் கணக்கில் இருக்கும். புதிதாக ஏறப்போவது 4 கிரெடிட் ஏ மட்டும்தான். அதே ஏ-யை மைக்ரோபயாலஜியில் வாங்கினாலும் சராசரி அதே அளவுதான் ஏறும். கூடவே, படிக்காத ஒரு பாடமும் படித்ததாக இருக்கும்.

"அந்த லேப் காலைல எட்டு மணிக்கு மாமா" என்கிறாள்.