தொப்பூர் மேம்பாலமும் கரும்பு டிராக்டரும்

தர்மபுரிக்காரன் என்று வெளியூரில் சொன்னால் ஒகேனக்கல்லுக்கு அடுத்தபடியாக விசாரிப்பது தொப்பூர் கணவாயைத்தான். 2024 ஜனவரியில் வண்டிகள் மோதித் தீப்பிடித்து நான்கு பேர் இறந்த சிசிடிவி காட்சி எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்தது. 2020 டிசம்பரிலும் அதே கணவாய்தான். வரிசையாக நின்றிருந்த வண்டிகள் மேல் சிமென்ட் லாரி ஏறியதில் நான்கு உயிர் போனது. காரணம் லாரிக்காரர்களுக்கே நன்றாகத் தெரியும். பெங்களூரு பக்கமிருந்து லோடோடு வருகிற வண்டியை, டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார்கள். இன்ஜினின் பிடிப்பு போய்விடும், மொத்தப் பாரமும் பிரேக் மேல். கீழே வருவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

இப்போது அங்கே உயர்மட்டச் சாலை வருகிறது. வரட்டும், சந்தோஷம். ஆனால் பாலக்கோடு, காரிமங்கலம், அரூர் பக்கத்து ரோடுகளில் ஒன்றும் இரண்டுமாகப் போகிற உயிரை எந்த கேமராவும் பிடிப்பதில்லை. மறுநாள் பேப்பரில் நாலு வரி, அவ்வளவுதான். அந்தச் சாவுகளில் பாதிக்கு டெண்டர் வேண்டாம், மந்திரி வர வேண்டாம், ஊர்க்காரர்கள் நினைத்தாலே தடுக்கலாம் என்பது என் கட்சி.

உதாரணத்துக்குக் கரும்பு டிராக்டர். பாலக்கோடு ஆலைக்கும் கோபாலபுரம் ஆலைக்கும் அரவை சமயத்தில் ராத்திரி முழுக்க லோடு போகும். டிரெய்லரில் பின் விளக்கு இருக்காது, இருந்தாலும் எரியாது. எங்கள் ஊர்ப் பசங்க சிலர் சிவப்பு வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப் வாங்கி ஒட்ட ஆரம்பித்தார்கள். முதலில் பின்பலகையில் ஒட்டினார்கள். காலி வண்டியில் பளிச்சென்று தெரிந்தது. லோடு ஏற்றியதும் கரும்பு இலையான சோகை கீழே தொங்கி டேப்பையே மூடிவிட்டது. அப்புறம் ஒரு சாக்குத் துணியில் டேப்பைத் தைத்து, லோடு கட்டுகிற கயிற்றோடு கடைசியில் தொங்கவிட்டார்கள். அது வேலை செய்கிறது. பின்னால் வருகிற பைக்கின் வெளிச்சம் பட்டால் தூரத்திலேயே மின்னுகிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு டீ, ரெண்டு வடை காசுகூட இல்லை.

இன்னொன்று கல். வண்டி பஞ்சரானால் பின்னால் நாலு கல்லை வைத்து, ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள். சரி, தப்பில்லை. டயர் மாற்றியதும் வண்டி கிளம்பிவிடும், கல் மட்டும் நடுரோட்டிலேயே கிடக்கும். விடியற்காலையில் பால் கேனோடு வருகிறவன் அதில் ஏறி விழுவான். அந்தக் கல்லை ஓரமாகத் தள்ள கலெக்டர் உத்தரவா போட வேண்டும்?

ஹெல்மெட் பேரணி நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்டோ எடுத்து முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

அடிபட்டவரைத் தூக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிறது. பேர், விலாசம் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. கர்நாடக, ஆந்திர வண்டிகள் ராப்பகலாக ஓடுகிற கிருஷ்ணகிரி ரோட்டில் டீக்கடைக்கு டீக்கடை எழுதி வைக்க வேண்டிய சேதி இது. 108க்குப் போன் போட்டுவிட்டு வீடியோ எடுக்காமல் நின்றாலே பாதி உதவி.

டேப் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை ஓடுகிறது. சும்மாவே ஒட்டிக் கொடுக்கலாம் என்கிறார்கள் பசங்க. சும்மா கிடைத்தால் அடுத்த சீசனில் கிழிந்ததைக்கூட மாற்ற மாட்டார்கள், வண்டிக்காரரிடமே காசு வாங்குங்கள் என்கிறேன் நான். எப்படியும் ஆலை கேட்டில் டோக்கன் போடும்போதே பின்னால் டேப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தச் சண்டைக்கே வேலையில்லை. விவசாயிகள் சங்கத்தில் இருக்கிற அண்ணன்மார் யாராவது இதைப் படித்தால், கரும்பு வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வருவதற்கு முன்னால் ஆலைக்காரர்களிடம் இதை ஒரு வார்த்தை பேசுங்கள்.