பாதி பீரியடு பிள்ளைகளுக்கு

எங்க கொங்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரித்தால், காலையில் ஸ்டடி எத்தனை மணிக்கு, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் என்றுதான் பதில் வரும். அங்கே பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்பார்களா என்று எந்த அப்பாவும் விசாரித்து நான் பார்த்ததில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளி' என்று கேலி பேசுகிறோம். பேசிவிட்டு, ஜனவரி பிறந்ததும் அரசுப் பள்ளியிலும் அதே கதைதான்: புக் பேக் ஒன் வேர்டு, முக்கியமான அஞ்சு மார்க், திரும்பப் படி, திரும்ப எழுது.

உயர்நிலை வகுப்பு வாத்தியார்கள் நாம் அதிகமாகப் பேசுகிறோம். என் கட்சி இவ்வளவுதான். பீரியடு முழுக்க நம் குரல்தான் ஓடுகிறது. கடைசியில் "புரிஞ்சுதா?" என்கிறோம். "புரிஞ்சுதுங் சார்ர்ர்" என்று மொத்த வகுப்பும் ராகம் போடுகிறது. அந்த ராகத்தை நம்பித்தான் அடுத்த பாடத்துக்குப் போகிறோம்.

பாதி பீரியடையாவது பிள்ளைகளைப் பேச விடுவது ஏதோ வெளிநாட்டுப் புதுச்சரக்கு என்று நினைக்கிறவர்கள், நன்னூல் என்ற இலக்கண நூலின் முன்னுரையான பொதுப்பாயிரத்தை ஒருதரம் புரட்டலாம். எழுதிய பவணந்தி முனிவர் நம்ம பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பாயிரம் அவர் ஊரைச் 'சனகை' என்கிறது. தமிழாசிரியர்கள்கூட எழுத்து, சொல் என்று நேரே இலக்கணத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். முன்னால் இருக்கிற பாடஞ்சொல்லும் முறையை யாரும் சீந்துவதில்லை. ஆசான் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் 'காற்கூறு அல்லது பற்றலன்' என்கிறார் மனுசன். கால் பங்குதான் நம் பேச்சில் ஒட்டும். இன்னொரு கால் கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் வரும். மிச்சம் அரைப் பங்கு, தான் அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். நாம் அந்தக் கால் பங்கை வைத்துக்கொண்டே முழுப் பீரியடையும் ஓட்டுகிறோம்.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970களில் வகுப்புப் பேச்சைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு வாத்தியார் காத்திருப்பது சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, தானாக வாய் திறக்கிற பிள்ளைகள் கூடினார்கள், 'தெரியாது' குறைந்தது. நீங்களும் ஒருநாள் மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிப் பாருங்கள். மூணு வருவதற்குள் நமக்கே நாக்கு அரிக்கும். முதல் பெஞ்சுப் பிள்ளை கையைத் தூக்கிவிடும், நாமும் பெயரைக் கூப்பிட்டுவிடுவோம்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் செய்த சோதனை ஸ்டடி மணியடிக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு கூட்டம். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது இன்னொரு கூட்டம். அஞ்சு நிமிசம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. ராத்திரி ஸ்டடியில் உரக்கப் படிக்க வைத்துவிட்டு, காலையில் ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்கிறோமே, அது அந்த அஞ்சு நிமிச வெற்றி.

அப்படியானால் ஸ்லிப் டெஸ்ட் நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், மார்க்கை எடுத்துவிட்டால். திருத்தி, பெற்றோர் வாட்ஸப் குழுவில் மார்க் போட்டு, குறைந்தவனை எழுப்பி நிறுத்தினால், அடுத்த டெஸ்டில் அவன் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கத்தான் கற்றுக்கொள்வான். எத்தனை பேர் எந்தக் கேள்வியில் ஒரே மாதிரி தடுமாறினார்கள் என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் மறுநாள் வேறு விதமாகச் சொன்னால்தான் டெஸ்டுக்கு அர்த்தம். அதைச் செய்ய எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. மார்க் எழுத மட்டும் கட்டம் கட்டமாக இருக்கிறது.

அறிவியலில் திறன் (பவர்) என்ற பாடத்தை நான் இப்போது சூத்திரத்தில் ஆரம்பிப்பதில்லை. "உங்க கிணத்துல எத்தனை எச்.பி. மோட்டாருங்?" என்று கேட்டால் போதும். எப்போதும் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடக்கிறவன், "அஞ்சு எச்.பி. இருந்துச்சுங் சார், போன வருசம் ஏழரை மாத்துனோம்" என்று நிமிர்வான். ஏன் மாற்றினீர்கள் என்றால், தண்ணி கீழே போயிருச்சு, அவ்வளவு ஆழத்திலிருந்து அதே நேரத்தில் தூக்கப் பழைய மோட்டார் திணறியது என்று வேலை, நேரம், திறன் மூன்றையும் அவனே பெயர் வைக்காமல் சொல்லிவிடுவான். ஒரு எச்.பி., அதாவது ஒரு குதிரைத்திறன், 746 வாட் என்று நான் சேர்ப்பேன். அஞ்சுக்கு 3,730 என்று அவர்கள் பெருக்கிக்கொள்வார்கள். மாணவனுக்கு முன்பே என்ன தெரியும் என்பதில் தொடங்கு என்று கல்வி உளவியலில் எழுதிப் பாஸாகித்தான் எல்லாரும் பி.எட். வாங்கினோம். இத்தனைக்கும் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையப் பதிவேட்டுக் கணக்கில் அந்தப் பையன் 'மெல்லக் கற்போர்'.

அரசாங்கமும் தேர்வைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறது. 2017-இல் ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். பதினொன்றாம் பாடத்தைத் தாண்டிவிட்டுப் பன்னிரண்டையே ரெண்டு வருசம் நடத்துகிறார்கள் என்று பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள்; 2025-இல் எடுத்தும் விட்டார்கள். இதில் எதுவும் பீரியடுக்குள் யார் பேசுவது என்பதைத் தொடவில்லை. பணியிடைப் பயிற்சியில் செயல்வழிக் கற்றல் பற்றிச் சாயங்காலம் வரை ஒருத்தரே பேசிக்கொண்டிருந்தால் நமக்கும் தூக்கம்தான் வருகிறது.

"இதெல்லாம் பண்ணுனா போர்ஷன் முடியுமாங்?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பின்தங்கத்தான் செய்யும். ஆனால் நடத்தி முடித்துவிட்டு மறுபடி ரிவிஷன் என்று முதலிலிருந்து நடத்துகிறோமே, அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

செய்ய நினைக்கிறவர்கள் பத்தாம் வகுப்பில் போய் ஆரம்பிக்காதீர்கள். எட்டிலும் ஒன்பதிலும் ஆரம்பியுங்கள். அங்கே பொதுத்தேர்வு இல்லை, கழுத்தைப் பிடிக்க ஆளில்லை. புத்தகத்தை மூடச் சொல்லி, நேற்று நடத்தியதை ரெண்டு ரெண்டு பேராக ஒருத்தருக்கொருத்தர் சொல்லச் சொல்லுங்கள். முதல் ரெண்டு வாரம் சத்தம் தாங்காது. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.